டெஸ்லா காயிலுக்குக் கெப்பாசிட்டர்: தேக்குவது பாதி வேலைதான்

கெப்பாசிட்டருக்கு மின்தேக்கி என்று பாடப்புத்தகத்தில் பேர் வைத்தவர்கள் நல்ல தமிழில்தான் வைத்தார்கள். ஆனால் பாதிக் குழப்பத்துக்கு அந்தப் பேர்தான் காரணம் என்று எனக்குத் தோன்றுகிறது. தேக்கி என்றதும் எங்கள் ராமநாதபுரம் பக்கத்து ஆளுக்குக் கண்மாய்தான் கண்முன் வரும். கண்மாய் என்றால் பெரிதாக இருந்தால் நல்லது, அவ்வளவுதான் கணக்கு. அதே கணக்கோடு வீட்டில் டெஸ்லா காயில், அதாவது உச்சியிலிருந்து மின்பொறி பாய்ச்சும் உயர் அழுத்தக் கம்பிச் சுருள், கட்ட உட்காருகிறார்கள். ஃபேனில் கழற்றியது, பழைய மைக்ரோவேவ் அடுப்பில் கழற்றியது என்று எது பெரிதோ அதைக் கொண்டுவந்து மாட்டுகிறார்கள், பொறி வருவதில்லை, வந்தாலும் கொஞ்ச நேரத்தில் 'டப்' என்று நின்றுவிடுகிறது, பழியெல்லாம் காயிலின் மேல்.

நானும் அப்படித்தான் ஆரம்பித்தேன். ராமநாதபுரத்தில் மோட்டார் காயில் கட்டும் கடை ஒன்றுக்குப் போய், "அண்ணே, பெரிய கெப்பாசிட்டரா ஒண்ணு குடுங்க" என்று கேட்டேன். "எத்தனை எம்எஃப்டி, எத்தனை வோல்ட்டு, எதுக்குத் தம்பி?" என்றார். முதல் இரண்டுக்கும் எனக்குப் பதில் தெரியவில்லை, மூன்றாவதைச் சொல்ல வெட்கமாக இருந்தது. டேபிள் ஃபேனுக்கு என்று பொய் சொல்லி ஒன்று வாங்கிவந்தேன். அவர் கேட்ட கேள்விகள் சரியான கேள்விகள்தான். டெஸ்லா காயிலுக்கு இன்னொன்றும் கேட்கவேண்டும்: அது எவ்வளவு வேகமாகக் கொட்டும்?

ஒரு விஷயத்தை இங்கேயே சொல்லிவிடுகிறேன், கடைசியில் சொன்னால் யாரும் படிப்பதில்லை. இங்கே பேசப்போவது 9,000 வோல்ட் நியான் போர்டு டிரான்ஸ்பார்மரையும் அதோடு சேர்ந்த கெப்பாசிட்டரையும் பற்றி. காயிலின் உச்சியில் வரும் ஊதாப் பொறியைக் கையால் வாங்கிக் காட்டும் வீடியோக்களைப் பார்த்துவிட்டு, டெஸ்லா கரண்ட் ஆளை ஒன்றும் செய்யாது என்று நம்பவேண்டாம். அந்தப் பொறியே உள்ளே சுடும். அதைவிட மோசம் கீழே இருக்கும் இந்தப் பகுதி, இங்கே தவறிக் கை பட்டால் ஆள் மிஞ்சுவது கஷ்டம். உயர் அழுத்தத்தில் வேலை பார்த்துப் பழகிய ஒருவர் பக்கத்தில் இல்லாமல் பிளக்கைச் சொருகாதீர்கள்.

கண்மாய், மடை, தூளி

கண்மாய்க்கு ஒரு வரத்துக்கால் இருக்கும், அதில் தண்ணீர் கொஞ்சம் கொஞ்சமாக வந்து சேரும். மடையைத் திறந்தால் சேர்ந்தது ஒரே மூச்சில் பாயும். டெஸ்லா காயிலில் வரத்துக்கால் டிரான்ஸ்பார்மர், கண்மாய் கெப்பாசிட்டர். மடை என்பது ஸ்பார்க் கேப், அதாவது சில மில்லிமீட்டர் இடைவெளி விட்டு எதிரெதிரே நிறுத்திய இரண்டு உலோக முனைகள். கெப்பாசிட்டரில் அழுத்தம் ஏறி ஏறி ஒரு கட்டத்தில் அந்த இடைவெளிக் காற்று தாங்காமல் உடைகிறது, பொறி பாய்கிறது, மடை திறந்துவிட்டது. ஆள் வைத்துத் திறக்கவேண்டியதில்லை.

ஆனால் கண்மாயை வைத்து இதற்கு மேல் விளக்க முடியாது. மடை வழியாகப் போன தண்ணீர் திரும்பி வராது, இங்கே திரும்பி வரும். கெப்பாசிட்டரிலிருந்து கிளம்பும் மின்சாரம் பிரைமரி காயிலுக்குள், அதாவது பத்துப் பன்னிரண்டு சுற்று வளைத்த செம்புக் குழாய்க்குள் போகிறது. காயிலுக்கு ஒரு குணம் உண்டு: ஓட ஆரம்பித்த மின்சாரத்தைச் சட்டென்று நிற்கவிடாது. அதனால் கெப்பாசிட்டர் காலியான பிறகும் ஓட்டம் தொடர்ந்து, அதே கெப்பாசிட்டரை எதிர்ப்பக்கமாக நிரப்பிவிடுகிறது. அப்புறம் அங்கிருந்து திரும்பும். தூளியை ஒரு தடவை தள்ளிவிட்டால் இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் ஆடி ஆடி அடங்குமே, அந்த மாதிரி. கெப்பாசிட்டரும் காயிலும் சேர்ந்துதான் இந்த ஆட்டத்தின் வேகத்தை முடிவு செய்கின்றன. வீட்டுக் காயிலில் இது விநாடிக்கு ஒரு லட்சம், இரண்டு லட்சம் ஆட்டம் என்று இருக்கும்.

நடுவில் உயரமாக நிற்பது செகண்டரி, மெல்லிய எனாமல் கம்பியில் ஆயிரம் சுற்றுப் போல. அதுவும் இதே வேகத்தில் ஆடும்படி அமைத்துவிட்டால் கீழே இருக்கிற ஆட்டம் மேலே மாறி, லட்சக்கணக்கான வோல்ட்டாக ஏறி, உச்சியில் பொறியாக வெடிக்கும். இரண்டும் ஒரே வேகத்தில் ஆடுவதற்குத்தான் ஒத்ததிர்வு என்று பேர். இப்படி ஒத்ததிர்வில் ஆடும் காயிலைத்தான் நிகோலா டெஸ்லா 1891இல் கண்டுபிடித்து வைத்தார்.

சரி, இதுவரை பார்த்தது: டிரான்ஸ்பார்மர் மெதுவாக நிரப்புகிறது, ஸ்பார்க் கேப் திறக்கிறது, கெப்பாசிட்டரும் பிரைமரியும் மின்சாரத்தை ஒன்றுக்கொன்று எறிந்து பிடிக்கின்றன. கெப்பாசிட்டருக்குத் தேக்குவது ஒரு வேலை, எறிந்து பிடிப்பது இன்னொரு வேலை, கடினமானது இரண்டாவது.

எத்தனை எம்எஃப்டி?

கெப்பாசிட்டர் எவ்வளவு பிடிக்கும் என்பது கொள்ளளவு. அதை அளப்பது பாரட் என்ற அலகில். ஒரு பாரட் நமக்கு மிகப் பெரியது. அதில் பத்து லட்சத்தில் ஒரு பங்கு மைக்ரோ பாரட், கடைக்காரர் வாயில் எம்எஃப்டி. அதையும் ஆயிரமாக வெட்டினால் நானோ பாரட். சீலிங் ஃபேனில் இருப்பது 2.5 எம்எஃப்டி, அதாவது 2,500 நானோ பாரட். நமக்கு வேண்டியது பதினைந்து நானோ பாரட் போல, நூறில் ஒரு பங்குக்கும் கீழே.

ஏன் இவ்வளவு சின்னது? 9,000 வோல்ட், 30 மில்லியாம்பியர் நியான் டிரான்ஸ்பார்மரையே உதாரணமாக வைத்துக்கொள்வோம் (இரும்புக் கோர் வைத்துத் தார் ஊற்றிய கனமான பழைய ரகம். இப்போது வரும் இலேசான எலக்ட்ரானிக் ரகம் இதற்கு ஆகாது). இது ஷார்ட் செய்தாலும் 30 மில்லியாம்பியர்தான் தரும், அப்படித்தான் அதைச் செய்திருக்கிறார்கள். நம் வீட்டு மின்சாரம் 50 ஹெர்ட்ஸ், விநாடிக்கு நூறு தடவை உச்சம் தொடும். ஒவ்வொரு உச்சத்துக்குள்ளும், அதாவது விநாடியில் நூறில் ஒரு பங்குக்குள், அந்த 30 மில்லியாம்பியரை வைத்துக் கெப்பாசிட்டரை நிரப்பியாகவேண்டும். ஃபேன் கெப்பாசிட்டரை மாட்டினால் என்ன ஆகும் என்று கணக்குப் போட்டுப் பாருங்கள்: அதன் மேல் ஏறும் அழுத்தம் 38 வோல்ட். ஒன்பதாயிரம் வோல்ட் டிரான்ஸ்பார்மர், கெப்பாசிட்டரில் 38 வோல்ட்! ஆர்.எஸ்.மங்கலம் பெரிய கண்மாயைத் தோட்டத்துக் குழாயால் நிரப்ப உட்கார்ந்த கதைதான். மைக்ரோவேவ் கெப்பாசிட்டர் சுமார் 1 எம்எஃப்டி, அதிலும் நூறு வோல்ட் வராது. எந்த ஸ்பார்க் கேப்பும் இதற்குத் திறக்காது. நான் பொய் சொல்லி வாங்கிவந்த ஃபேன் கெப்பாசிட்டர் அன்று இரவு முழுக்க 'ம்ம்ம்' என்ற டிரான்ஸ்பார்மர் சத்தத்தோடு சும்மா உட்கார்ந்திருந்ததற்குக் காரணம் இதுதான், அது புரிய எனக்குப் பல வாரம் ஆனது.

அப்படியானால் கச்சிதமாகப் பொருத்திவிடலாமா?

இங்கேதான் அடுத்த குழி. டிரான்ஸ்பார்மரின் 9,000 வோல்ட்டை 0.03 ஆம்பியரால் வகுத்தால் 3 லட்சம் ஓம் வருகிறது, அது டிரான்ஸ்பார்மர் தன் ஓட்டத்துக்குத் தானே போடும் தடை. 50 ஹெர்ட்ஸில் அதே 3 லட்சம் ஓம் தடை தரும் கெப்பாசிட்டர் 10.6 நானோ பாரட். இரண்டும் சமம், கச்சிதம், பலரும் இதைத்தான் போடுகிறார்கள். ஆனால் இரண்டும் சமமானால் அதுவும் ஓர் ஒத்ததிர்வு, இம்முறை வீட்டு மின்சாரத்தின் 50 ஹெர்ட்ஸோடு. தூளியைச் சரியான நேரம் பார்த்துத் தள்ளிக்கொண்டே இருந்தால் உத்தரத்தில் போய் இடிக்கிற மாதிரி, ஒவ்வொரு சுற்றிலும் அழுத்தம் ஏறிக்கொண்டே போகும். ஸ்பார்க் கேப்பைக் கொஞ்சம் அகலமாக வைத்துவிட்டீர்கள், அது திறக்கவில்லை என்றால், 9,000 வோல்ட் டிரான்ஸ்பார்மரின் முனையில் அதைப்போல் இரண்டு மூன்று பங்கு நிற்கும். எங்காவது உடைந்தே தீரும்: ஒன்று கெப்பாசிட்டரின் உள்ளே, இல்லையென்றால் தாருக்குள் புதைந்த டிரான்ஸ்பார்மர் சுருளில். இரண்டில் டிரான்ஸ்பார்மர்தான் விலை அதிகம்.

அதனால் சாதாரண, அசையாத ஸ்பார்க் கேப் வைப்பவர்கள் அந்தச் சமநிலை அளவைவிட ஏறக்குறைய ஒன்றரை மடங்கு வைப்பது வழக்கம். நம் கணக்கில் 10.6ஐ ஒன்றரையால் பெருக்கினால் 16 நானோ பாரட் பக்கம் வருகிறது. பதினைந்தும் ஒத்துக்கொள்ளும்.

இன்னொரு குழி இருக்கிறது, நம் ஊர் ஆட்கள் அதிகம் விழுவது இதில்தான். அமெரிக்கக்காரர்கள் போட்ட அட்டவணைகள் எல்லாம் 60 ஹெர்ட்ஸுக்கு. அங்கே இதே டிரான்ஸ்பார்மருக்குச் சமநிலை அளவு 8.8 நானோ பாரட், ஒன்றரை மடங்கு 13.3. அதை அப்படியே எடுத்து இங்கே மாட்டினால் நம் 50 ஹெர்ட்ஸில் அது ஒன்றரை மடங்கு இல்லை, ஒன்றேகால் மடங்குதான். ஆபத்தை விட்டு விலகிவிட்டோம் என்று நினைத்துக்கொண்டு அதன் பக்கத்திலேயே போய் நிற்கிறோம்.

எந்த அளவைப் போட்டாலும் கலுங்கு வேண்டும். கண்மாய் நிறைந்து கரை உடைவதற்கு முன் மறுகால் பாய ஒரு கலுங்கு கட்டி வைத்தார்களே, அதே வேலைக்கு டிரான்ஸ்பார்மரின் முனைகளில் சேஃப்டி கேப் என்று இன்னொரு பொறி இடைவெளி வைக்கிறார்கள். அழுத்தம் எல்லை மீறினால் அங்கே வழிந்துவிடும். கலுங்கு இல்லாத கண்மாயை நம் முன்னோர் கட்டியதில்லை, இது இல்லாத காயிலை நீங்களும் கட்டவேண்டாம்.

கொள்ளளவுக் கணக்கு இவ்வளவுதான்: டிரான்ஸ்பார்மர் நிரப்பக்கூடிய அளவுக்குச் சின்னது, 50 ஹெர்ட்ஸ் ஒத்ததிர்விலிருந்து தள்ளி நிற்கும் அளவுக்குப் பெரியது. கொள்ளளவை மாற்றினால் பிரைமரியின் ஆட்ட வேகமும் மாறும் என்பதால் செகண்டரியோடு மறுபடி ஒத்துப்போக, பிரைமரியில் இணைப்பு எடுக்கும் சுற்றை நகர்த்தவேண்டியிருக்கும், அதை மட்டும் ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள்.

எத்தனை வோல்ட்டு?

டிரான்ஸ்பார்மரில் 9,000 என்று எழுதியிருந்தால் கெப்பாசிட்டர் 9,000 தாங்கினால் போதும் என்று நினைப்பது இயல்பு. ஆனால் ஏசி மின்சாரத்தில் எழுதியிருப்பது ஒருவகைச் சராசரி, உச்சம் அதைவிட 1.41 மடங்கு. வீட்டில் வரும் 230 வோல்ட்டின் உச்சமே 325. நம் 9,000 வோல்ட்டின் உச்சம் 12,700.

அதோடு முடியவில்லை. கெப்பாசிட்டரின் மேல் டிசி என்று போட்டு எழுதிய வோல்ட், ஒரே பக்கமாக அமைதியாக நிற்கும் அழுத்தத்துக்கு. நம் கெப்பாசிட்டரோ மேல் 12,700இலிருந்து கீழ் 12,700க்கு, தூளி போல, கண் இமைக்கும் நேரத்தில் ஆயிரக்கணக்கான தடவை புரள்கிறது. ஒரு கம்பியைத் தொங்கவிட்டுக் கனம் தாங்குமா என்று பார்ப்பதும், அதே கம்பியை முன்னும் பின்னும் வளைத்துக்கொண்டே இருப்பதும் ஒன்றா? ஆகவே டிசி கணக்கில் உச்சத்தைப் போல் குறைந்தது ஒன்றரை மடங்கு. 12,700க்கு 20,000 வோல்ட் வரை போய்விடுவது நல்லது.

எவ்வளவு வேகமாகக் கொட்டும்?

கடைக்கார அண்ணன் கேட்காத கேள்வி. அவர் கேட்கத் தேவையில்லை, ஃபேனுக்கும் மோட்டாருக்கும் இது பிரச்சினையே இல்லை.

15 நானோ பாரட் கெப்பாசிட்டரில் 12,700 வோல்ட் ஏறி நிற்கும்போது அதில் இருக்கும் ஆற்றல் 1.2 ஜூல்தான். ஒரு லிட்டர் தண்ணீரைப் பன்னிரண்டு சென்டிமீட்டர் தூக்கும் வேலை, கேட்டால் சிரிப்பு வரும். ஆனால் அது வெளியே வரும் வேகத்தைப் பாருங்கள். பிரைமரி காயில் 40 மைக்ரோ ஹென்றி என்று வைத்துக்கொண்டால் (காயிலின் 'நிற்கவிடாத' குணத்தை அளக்கும் அலகு ஹென்றி) ஆட்டம் விநாடிக்கு 2,05,000 தடவை. ஒரு முழு ஆட்டத்துக்கு ஐந்து மைக்ரோ விநாடிகூட ஆகாது. அந்த நேரத்துக்குள் கெப்பாசிட்டர் காலியாகி, எதிர்ப்பக்கம் நிரம்பி, திரும்பவும் காலியாகி நிரம்புகிறது. உச்சத்தில் ஓடும் மின்சாரம் சுமார் 246 ஆம்பியர், வெல்டிங் பட்டறையில் ராடு நுனியில் ஓடுவதைவிட அதிகம். டிரான்ஸ்பார்மர் தந்தது 30 மில்லியாம்பியர்தான் என்பதை மறக்கவேண்டாம்.

கூஜாவையும் அண்டாவையும் நினைத்துக்கொள்ளுங்கள். இரண்டிலும் ஒரே அளவு தண்ணீர் பிடிக்கலாம், ஆனால் கூஜாவைக் கவிழ்த்தால் கழுத்தில் 'கொளக் கொளக்' என்று விக்கி விக்கித்தான் வரும். கெப்பாசிட்டருக்கும் கழுத்து உண்டு: உள்ளே சுருட்டியிருக்கும் உலோகப் படலம் கம்பிக் காலோடு சேரும் ஓரம். அந்தக் கழுத்து எவ்வளவு தாங்கும் என்பதைத் தயாரிப்பாளர்கள் ஒரு எண்ணாகத் தருவார்கள், மைக்ரோ விநாடிக்கு இத்தனை வோல்ட் என்று. இதைத் துடிப்புத் தாங்கும் வேகம் என்று வைத்துக்கொள்வோம்.

என் இரண்டாவது தோல்வி இதில்தான். ஃபேன் கெப்பாசிட்டர் பாடத்துக்குப் பிறகு கணக்கெல்லாம் ஒழுங்காகப் போட்டு, மதுரைக்குப் போய் 0.47 எம்எஃப்டி, 630 வோல்ட் என்று போட்ட கெப்பாசிட்டர் முப்பது வாங்கிவந்து வரிசையாகக் கோத்தேன். கொள்ளளவு 15.7 நானோ பாரட், தாங்குவது 18,900 வோல்ட், எண்கள் அழகாக இருந்தன. பொறியும் வந்தது, ஒரு சாண் நீளம், பக்கத்து வீட்டில் பெரியம்மா கேட்டுக்கொண்டிருந்த இலங்கை வானொலி கரகரத்துப்போகும் அளவுக்கு. மூன்றாம் நாள் பொறி விரற்கடைக்குச் சுருங்கிவிட்டது. மல்டிமீட்டரில் வைத்துப் பார்த்தால் 0.47 இருக்கவேண்டிய இடத்தில் 0.3, 0.2 என்று ஆளுக்கு ஒரு கதை சொன்னது. ஒன்றை பிளேடால் கீறிப் பிரித்தேன். உள்ளே இருந்தது சாக்லேட் சுற்றிய தாள் போல் பளபளக்கும் பிளாஸ்டிக் சுருள். அதை விளக்குக்கு நேரே பிடித்தால் மறுபக்கம் மங்கலாகத் தெரிந்தது, அவ்வளவு மெல்லிய உலோகப் பூச்சு. சுருளின் ஓரம் நெடுக, பூச்சு கம்பிக் காலைச் சந்திக்கும் இடத்தில், மயிரிழை அகலத்துக்குப் பூச்சே இல்லை. எரிந்து போயிருந்தது.

இந்த ரகத்துக்கு மெட்டலைஸ்டு என்று பேர், பிளாஸ்டிக் மேல் உலோகத்தை ஆவியாக்கிப் படியவைத்தது. ஃபேன் கெப்பாசிட்டரும் இதே ரகம். இதன் துடிப்புத் தாங்கும் வேகம் பெரும்பாலும் சில பத்து வோல்ட், நல்லதாக இருந்தால் நூறு பக்கம். என் முப்பதில் ஒவ்வொன்றின் மேலும் விழுந்தது மைக்ரோ விநாடிக்கு ஐந்நூறு வோல்ட்டுக்கு மேல். மூன்று நாள் தாங்கியதே அதிசயம்.

இதற்கு மாறாக, நிஜமான அலுமினியத் தகடையே பிளாஸ்டிக்கோடு சேர்த்துச் சுருட்டியது ஃபிலிம்-ஃபாயில் ரகம். கழுத்து அகலம். விலையும் அதற்கேற்ற மாதிரி.

ஆக, கொள்ளளவும் வோல்ட்டும் சரியாக இருந்தும் ஒரு கெப்பாசிட்டர் செத்துப்போகலாம். கெப்பாசிட்டர் வாங்கும்போது மல்டிமீட்டர் இதைக் காட்டிக்கொடுக்காது, அது சின்ன அழுத்தத்தில் மெதுவாக அளப்பது.

உள்ளே என்ன பொருள்?

இரண்டு தகடுகளுக்கு நடுவில் மின்சாரத்தைக் கடக்கவிடாமல் இருக்கும் பொருள் காப்புப்பொருள். அழுத்தம் புரளும்போதெல்லாம் அதுவும் உள்ளுக்குள் புரள்கிறது, கொஞ்சம் சூடாகிறது. எவ்வளவு கொஞ்சம் என்பதுதான் கேள்வி. பாலிப்ரொப்பிலீன் என்ற பிளாஸ்டிக்கில் இந்த இழப்பு சுமாராகப் பத்தாயிரத்தில் இரண்டு முதல் ஐந்து பங்கு. பாலியெஸ்டரில் நூற்றில் ஒரு பங்கு, வேகம் கூடினால் இன்னும் அதிகம். ஃபேனின் 50 ஹெர்ட்ஸில் யாருக்கும் தெரியாத வித்தியாசம், இரண்டு லட்சம் ஹெர்ட்ஸில் வேகவைத்துவிடும். ஆகவே பாலிப்ரொப்பிலீன் தவிர வேறு எதையும் நான் சிபாரிசு செய்யமாட்டேன். டிவி பவர் சப்ளையில் இருக்கும் உருளை எலக்ட்ரோலிட்டிக் பக்கம் போகவே வேண்டாம், அதற்குப் பிளஸ் மைனஸ் உண்டு, எதிர்ப்பக்கம் நிரப்பினால் வெடிக்கும். வட்ட வில்லை போல் வரும் மலிவான செராமிக் சூட்டிலும் அழுத்தத்திலும் தன் கொள்ளளவையே மாற்றிக்கொள்ளும், டியூனிங் நிற்காது.

பாட்டில் கெப்பாசிட்டரைச் சொல்லாமல் போனால் எங்கள் ஊர்க்காரர்கள் விடமாட்டார்கள். கண்ணாடி பாட்டிலுக்குள்ளும் வெளியேயும் உப்புத்தண்ணீர், நடுவில் கண்ணாடி காப்புப்பொருள், முடிந்தது கெப்பாசிட்டர். 1745–46இல் ஐரோப்பாவில் கண்டுபிடித்த லேடன் ஜாடியின் தம்பிதான் இது, டெஸ்லாவே 1899இல் கொலராடோ ஸ்பிரிங்ஸில் உப்புக்கரைசல் நிரப்பிய பாட்டில்களைத்தான் வைத்திருந்தார். வாலிநோக்கம் உப்பளத்தைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு உப்புக்கு அலையவேண்டியதில்லை, சொல்லப்போனால் கடல்தண்ணீரே போதும். ஒரு பெரிய பாட்டிலுக்கு அரை நானோ பாரட்டுக்குக் கொஞ்சம் மேலே கிடைக்கும், 15 நானோ பாரட்டுக்கு இருபத்தைந்து பாட்டிலாவது ஒரு தொட்டியில் நிற்கவேண்டும். விளையாட்டுக்கு நன்றாக இருக்கும், செலவும் இல்லை. ஆனால் கண்ணாடியில் இழப்பு அதிகம், சூடாகும், தண்ணீர் மட்டத்தில் ஊதா ஒளி கசியும், ஒருநாள் ஒரு பாட்டில் விரிசல் விட்டு உயர் அழுத்த உப்புத்தண்ணீர் தரையில் ஓடும். எனக்கு அந்தக் கடைசிக் காட்சி பிடிக்கவில்லை.

சின்னதைக் கோத்துப் பெரிது

20,000 வோல்ட் தாங்கும் ஒற்றைக் கெப்பாசிட்டர் சாதாரணமாகக் கடையில் கிடைக்காது, கிடைத்தாலும் விலை தலையைச் சுற்றும். அதனால் சின்னக் கெப்பாசிட்டர்களைக் கோத்துப் பெரியதாக்குகிறார்கள். இரண்டே விதி. வரிசையாக, ஒன்றின் வால் அடுத்ததன் தலை என்று கோத்தால் தாங்கும் வோல்ட் கூடும், கொள்ளளவு வகுபடும்: காப்புப்பொருளை அடுக்கித் தடிமனாக்கியதற்குச் சமம். பக்கம் பக்கமாக இணைத்தால் கொள்ளளவு கூடும், வோல்ட் அப்படியே இருக்கும்: தகட்டை அகலமாக்கியதற்குச் சமம்.

டெஸ்லா காயில் கட்டுபவர்கள் மத்தியில் கார்னெல் டூபிலியர் நிறுவனத்தின் 942சி வரிசைக்கு நல்ல பேர். அதில் 0.15 எம்எஃப்டி, 2,000 வோல்ட் டிசி ஒன்று இருக்கிறது. பத்தை வரிசையாகக் கோத்தால் 15 நானோ பாரட், 20,000 வோல்ட். நம் ஆட்டத்தில் ஒவ்வொன்றின் மேலும் விழுவது மைக்ரோ விநாடிக்குச் சுமார் 1,640 வோல்ட், அது தாங்குவது 2,800க்கு மேல். மூன்று கேள்விக்கும் பதில் சரியாக இருப்பது இப்படித்தான் தெரியும். வெளிநாட்டிலிருந்து வரவழைக்கவேண்டும் என்பதுதான் வலி.

மலிவு வழி வேண்டுமானால் பழைய பெட்டி டிவிகளின் போர்டில் இருந்த சிபிபி81 என்ற ரகம், உயர் அழுத்தத் துடிப்புக்கென்றே செய்தது. ஃபேனில் வருவது சிபிபி61, எழுத்து ஒன்றுதான், எண் வேறு, குணம் வேறு. அவசரத்தில் மாற்றி வாங்கிவிடாதீர்கள். சிபிபி81இல் 22 நானோ பாரட், 2,000 வோல்ட் எடுத்தால் பத்து வரிசைக்கு 2.2 நானோ பாரட்தான் வரும். அப்படி ஏழு வரிசையைப் பக்கம் பக்கமாக வைத்தால் 15.4. மொத்தம் எழுபது கெப்பாசிட்டர், நூற்று நாற்பது பற்றவைப்பு, இரண்டு ஞாயிற்றுக்கிழமை. ஆனால் 246 ஆம்பியரை ஏழு வரிசை பகிர்ந்துகொள்வதால் ஆளுக்கு 35தான், கழுத்துக்கு நிம்மதி.

ஒவ்வொரு கெப்பாசிட்டரின் குறுக்கேயும் ஒரு 10 மெகா ஓம் ரெசிஸ்டர் போடவேண்டும். பிளக்கைப் பிடுங்கிய பிறகும் கெப்பாசிட்டருக்குள் மின்சாரம் நாள்கணக்கில் நிற்கும், அதை வடித்துவிடுவது இதன் வேலை. 0.15 எம்எஃப்டியோடு சேர்ந்தால் ஏழெட்டு விநாடியில் 12,700 வோல்ட் நூறுக்குக் கீழே இறங்கிவிடும். கடையில் கிடைக்கும் கால் வாட் ரெசிஸ்டர் சில நூறு வோல்ட்டுக்கு மேல் தாங்காது, ஆகவே உயர் வோல்ட் ரகமாகக் கேட்டு வாங்குங்கள், இல்லையென்றால் சின்னதை நாலைந்து கோத்துப் போடுங்கள். ரெசிஸ்டர் இருக்கிறதே என்று நம்பிக் கை வைக்காமல், நீளமான காய்ந்த பிவிசி பைப்பின் நுனியில் எர்த் செய்த கம்பி கட்டி, கெப்பாசிட்டரின் இரண்டு முனையையும் ஷார்ட் செய்துவிட்டே தொடவேண்டும்.

கடற்கரைக்காரர்களுக்கு மட்டும்

வெளியூர்க்காரர்கள் எழுதும் குறிப்புகளில் இது இருக்காது. எங்கள் பக்கத்துக் கடலோர ஊரான மண்டபத்தில் உலோகம் எவ்வளவு சீக்கிரம் துருப்பிடிக்கிறது என்று பார்ப்பதற்கென்றே காரைக்குடி மத்திய மின்வேதியியல் ஆய்வகம் ஒரு நிலையம் வைத்திருக்கிறது, அப்படிப்பட்ட காற்று இது. ஜன்னல் கம்பியைத் தின்னும் உப்பு, கெப்பாசிட்டரின் பிளாஸ்டிக் உடம்பிலும் கண்ணுக்குத் தெரியாத படலமாகப் படியும். பகலில் காய்ந்து சும்மா இருக்கும், இரவில் ஈரக்காற்று வந்ததும் அந்தப் படலம் தண்ணீரை இழுத்து மின்சாரம் கடத்த ஆரம்பிக்கும். உள்ளே 2,000 வோல்ட் தாங்கும் கெப்பாசிட்டரின் வெளித்தோல் வழியாகவே பொறி ஊர்ந்து போகும், போன இடத்தில் கரிக்கோடு விழும், அடுத்த தடவை அதுவே பாதை. ராத்திரி பத்து மணிக்கு வேலை செய்யாத காயில் மறுநாள் மதியம் நன்றாக ஓடினால் உப்பைத்தான் முதலில் சந்தேகப்படவேண்டும்.

நான் செய்வது: கோர்வையை வளைத்து மடக்காமல் ஒரே நேர்க்கோட்டில் வைக்கிறேன், முதல் கெப்பாசிட்டரும் கடைசியும் பக்கத்தில் வந்தால் முழு 12,700 வோல்ட்டும் அந்த இடைவெளியில் நிற்கும். பற்றவைத்த இடத்தில் கம்பி நுனி முள் மாதிரி நீட்டிக்கொண்டிருந்தால் அங்கே காற்று கசிந்து ஊதாவாக ஒளிரும், ஆகவே நுனியை நறுக்கி ஈயத்தை உருண்டையாக விடுகிறேன். பிறகு ஸ்பிரிட் போட்டுத் துடைத்து, வெயிலில் நன்றாகக் காயவைத்து, மோட்டார் சுருளுக்குப் போடும் வார்னிஷை இரண்டு கை பூசுகிறேன். வார்னிஷ் அதே ராமநாதபுரம் கடையில் வாங்கியது. இந்தத் தடவை எதற்கு என்று அண்ணன் கேட்டபோது உண்மையைச் சொன்னேன், ஒரு நிமிடம் பார்த்துவிட்டு, "வீட்டுல வேற ஆளு இருக்கும்போது போடு தம்பி" என்றார்.

ஓட்டிப் பார்க்கும் முறையும் ஒன்று இருக்கிறது. முதல் தடவை அரை நிமிடம் மட்டும் ஓட்டுங்கள். பிளக்கைப் பிடுங்கி, பத்து விநாடி எண்ணி, கம்பியால் ஷார்ட் செய்து, அந்தக் கம்பி மாட்டியிருக்கும்போதே ஒவ்வொரு கெப்பாசிட்டரையும் விரலால் தொட்டுக்கொண்டே போங்கள். எல்லாம் ஒரே மாதிரி குளிர்ச்சியாக இருக்கவேண்டும். ஒன்று மட்டும் வெதுவெதுப்பாக இருந்தால் அதைக் கழற்றிவிட்டு வேறு போடுங்கள், எல்லாமே வெதுவெதுப்பாக இருந்தால் இன்னொரு வரிசை சேர்த்துக் கொள்ளளவுக் கணக்கை முதலிலிருந்து போடவேண்டும்.